சாப்பிடாமல் விட்ட சிப்பாய்

டாம் என்னும் பலகை ஆட்டத்தில் எதிராளியின் காயைத் தாண்டி எடுப்பதை எங்கள் வீட்டில் சாப்பிடுவது என்போம். சாப்பிட வழி இருந்தால் சாப்பிட்டே ஆகவேண்டும். அதைக் கவனிக்காமல் வேறு காயை நகர்த்திவிட்டால், சாப்பிட்டிருக்க வேண்டிய அந்தக் காயை எதிராளி எடுத்து மடியில் போட்டுக்கொள்வார். கேள்வி கேட்க முடியாது. எனக்கு ஐந்து வயதாக இருந்தபோது அம்மாவின் மடியில் என் மூடிகள் குவிந்து கிடந்தது இன்னும் நினைவிருக்கிறது.

மூடிகள் என்றால் சோடா பாட்டில் மூடிகள். ஒருவருக்குப் பச்சை, மற்றவருக்கு ஆரஞ்சு, ஆளுக்கு முப்பது. அப்பா ஒரு பழைய பிளைவுட் பலகையில் பக்கத்துக்குப் பன்னிரண்டு கட்டமாகக் கோடு போட்டு, வீட்டுக் கதவுக்கு அடித்து மிஞ்சிய நீலப் பெயின்ட்டை ஒரு கட்டம் விட்டு ஒரு கட்டம் பூசியிருந்தார். மலேசியாவில், நிபோங் திபாலுக்குப் பக்கத்தில், எண்ணெய்க்காகச் செம்பனை வளர்க்கும் தோட்டத்து வீடு. அப்பா குலை வெட்டுவார். அம்மா கீழே உதிர்ந்த பழங்களைப் பொறுக்கிச் சாக்கில் கட்டுவார். இருவருமே பள்ளிக்கூடம் போனதில்லை. ஆனால் டாமில் அம்மாவை ஜெயித்தவர் அந்த வரிசை வீடுகளில் யாரும் இல்லை. அவருடைய வழி எப்போதும் ஒன்றுதான். ஒரு மூடியை வேண்டுமென்றே முன்னால் தள்ளுவார். சட்டப்படி நாம் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிட்டதும் நம் மூடி அவர் நினைத்த இடத்தில் போய் நிற்கும். அவர் நிதானமாக மூன்றைத் தாண்டிப் போவார். "ஊட்டி விட்டேன்லா," என்பார்.

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் பள்ளிப் பையைத் தோளில் மாட்டியவள் நான். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி, டவுனில் இடைநிலைப்பள்ளி, அப்புறம் பல்கலைக்கழகம். இப்போது பத்து காவான் என்ற ஊரின் தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் பொறியாளர். இதைச் சொல்லும்போது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அதை மறைக்கப் போவதில்லை.

சதுரங்கப் பலகையை முதலில் பார்த்தது இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில். பன்னிரண்டு கட்டத்துக்குப் பதில் எட்டு, ஒரே மாதிரி மூடிகளுக்குப் பதில் ஆறு விதமான காய்கள். அன்றைக்கே விளையாடி ஐந்து பேரை ஜெயித்தேன். காரணம் எளிது. கவனிப்பாரின்றி நிற்கும் எதிராளியின் காயை என் கண் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடும். அம்மாவின் மடிக்குப் பயந்து பழகிய கண் அது. மற்ற பிள்ளைகள் யோசித்துக்கொண்டிருக்கும்போதே நான் சாப்பிட்டிருப்பேன். அப்படியே வளர்ந்து, பல்கலைக்கழகக் குழு வரை போனேன். பிறகு ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். என்னை விடச் சற்றே நன்றாக ஆடுபவர்களிடம் திரும்பத் திரும்பத் தோற்றேன். ஏன் என்று தெரியவில்லை.

பினாங்குத் தீவில், ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்குள் ஒரு ஜவுளிக் கடையின் மாடியில் ஒரு சதுரங்க மன்றம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்குத் திறப்பார்கள். மரப்படி ஏறும்போதே கீழே புடவை மடிப்பவர்களின் பேச்சும் ஊதுவத்தி வாசனையும் கூடவே ஏறும். மேலே நான்கு மின்விசிறிகள், பத்து மேசைகள், சுவரில் ஒரு பலகை. மாநில லீக் போட்டிக்குப் போகும் குழுவின் பெயர்களை அந்தப் பலகையில்தான் ஒட்டுவார்கள். ஐந்து மேசைக்கு ஐந்து பெயர். இந்த ஆண்டு நான்காம் மேசை காலியாக இருந்தது.

அந்தக் காலி வரியில் என் பெயர் வரவேண்டும் என்று நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடும்பத்தில் பெயர்ப்பட்டியல் என்றால் தோட்டத்து வேலைப் பட்டியல்தான். இன்றைக்கு எந்த வரிசையில் யார் பழம் பொறுக்குவது என்று எழுதுவார்கள். யோசித்ததற்காக ஒருவருடைய பெயரை எழுதி ஒட்டிய பட்டியலை நாங்கள் பார்த்ததில்லை.

நான்காம் மேசைக்கு இரண்டு பேர் இருந்தோம். மற்றவர் என்னை விட மூன்று வயது மூத்த ஓர் அக்கா. தமிழ் முஸ்லிம் குடும்பம், மருந்தகத்தில் மருந்தாளுநர். அப்பாவை அவர்கள் அத்தா என்பார்கள். அவருடைய அத்தா இரண்டு தெரு தள்ளி நாசி கண்டார் சோற்றுக் கடை வைத்திருக்கிறார். மன்றத்தில் எனக்கு இருந்த ஒரே தோழியும் அவர்தான், பெரிய தலைவலியும் அவர்தான். மூன்று ஞாயிறு, மூன்று ஆட்டம் என்று மன்றத்தில் முடிவு செய்தார்கள். புள்ளி சமமாக வந்தால் மன்றத்தில் மூத்த உறுப்பினருக்கே இடம். அதாவது அக்காவுக்கு.

முதல் ஞாயிறு நான் கறுப்பு. பத்தாவது நகர்த்தலில் அக்காவின் ராணிப்பக்கத்தில் ஒரு சிப்பாய் தனியாக நின்றது. பாதுகாப்பு எதுவும் இல்லை. என் ராணி நேராகப் போய் அதைச் சாப்பிட்டது. அக்கா தேநீரை ஒரு வாய் குடித்தார். பிறகு ஒரு குதிரையை நகர்த்தினார். பிறகு ஒரு யானையை. நான்கு நகர்த்தலுக்குப் பிறகு என் ராணிக்குத் திரும்பி வரப் பாதை இல்லை. ஒரு சிப்பாயைத் தின்றுவிட்டு அவர் வீட்டு மூலையில் மாட்டிக்கொண்டு நின்றது.

"தங்கச்சி, காலையில பசியாறாம வந்தியா?" என்றார் அக்கா, என் ராணியை எடுத்து மேசை ஓரத்தில் வைத்தபடி.

"பசியாறித்தான் வந்தேன்க்கா."

"அப்ப என்னா, கிடைச்சதெல்லாம் வாயில போட்டுக்கிற? நான் எதாச்சும் சும்மா வைப்பேனா?"

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன். வீட்டுக்குத் திரும்பும்போது தீவிலிருந்து கரைக்குப் போகும் இரண்டாவது பாலத்தில் மோட்டர் சைக்கிளை மெதுவாக ஓட்டினேன். இரு பக்கமும் கடல். காற்று பக்கவாட்டில் தள்ளியது. அந்தச் சிப்பாயை விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை. சாப்பிட்ட பிறகு ராணியை வேறு பக்கம் கொண்டுபோயிருக்கலாமோ என்றுதான் யோசித்தேன்.

தொழிற்சாலையில் ஒரு பொருள் பழுதாகி வந்தால் நாங்கள் ஒரு தாளில் கோடு போட்டு ஏன் என்று எழுதுவோம். பதில் எழுதியதும் அந்தப் பதிலுக்குக் கீழே மறுபடியும் ஏன். குறைந்தது ஐந்து முறை கேட்கவேண்டும். கடைசி ஏனில்தான் உண்மையான காரணம் இருக்கும். அந்த வாரம் மதிய உணவு நேரத்தில் என் தோற்ற ஆட்டங்களுக்கு அப்படி ஒரு தாள் தயாரித்தேன். கைத்தொலைபேசியில் சேமித்து வைத்திருந்த ஆட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எந்த நகர்த்தலில் ஆட்டம் கையை விட்டுப் போனது?

பெரும்பாலான ஆட்டங்களில் பதில் ஒன்றேதான். நான் எதையோ சாப்பிட்டிருந்தேன். நடுவில் இருந்த என் சிப்பாயைக் கொண்டு ஓரச் சிப்பாயைச் சாப்பிட்டு நடுவைக் காலி செய்திருந்தேன். மூலைவாட்டில் ஓட முடியாமல் அடைபட்டுக் கிடந்த எதிராளியின் மந்திரிக்கு முன்னால் நின்ற காயைச் சாப்பிட்டு, நானே அதற்குக் கதவு திறந்துவிட்டிருந்தேன். முதல் ஏன்: ஏன் சாப்பிட்டேன்? சாப்பிட முடிந்தது, அதனால். இரண்டாவது ஏன்: சாப்பிட முடிந்தால் ஏன் சாப்பிடவேண்டும்? அதற்குக் கீழே எதுவும் எழுத வரவில்லை. அந்தக் கட்டம் காலியாகவே கிடந்தது.

இரண்டாவது ஞாயிறு அந்தத் தாளைப் பையிலேயே வைத்திருந்தேன். ஆனால் அன்றைக்கு அக்கா அத்தா கடையிலிருந்து அவசரமாக வந்திருந்தார். ஒரு குதிரையைக் காவலில்லாமல் விட்டுவிட்டார். சாப்பிட்டேன். அது சரியான சாப்பாடு. ஆட்டம் எனக்கு. புள்ளி ஒன்றுக்கு ஒன்று.

"இன்னைக்கு நானே ஊட்டிட்டேன்," என்றார் அக்கா. "அடுத்த வாரம் பட்டினிதான், சொல்லிட்டேன்."

ஜெயித்த ஆட்டம் எனக்கு எதையும் சொல்லித் தரவில்லை. பழைய பழக்கம் சரிதான் என்று முதுகில் தட்டிக் கொடுத்ததோடு சரி.

செவ்வாய்க்கிழமை மாலை, அம்மா வேலை முடிந்து குளித்துவிட்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தார். அன்று எனக்குப் பழகிப் பார்க்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கணினியோடு ஆடினால் அது என்னைத் துவைத்துப் போட்டுவிடுகிறது. "அம்மா, காய் எப்படி நகரும்னு மட்டும் சொல்றேன். சும்மா எனக்கு எதிரா ஆடுங்க," என்றேன்.

"எனக்கு எதுக்கு அதெல்லாம். படிச்சவங்க ஆட்டம்."

"டாம் மாதிரிதான்."

டாம் என்றதும் அம்மா டிவியின் சத்தத்தைக் குறைத்தார்.

காய்கள் நகரும் விதத்தை அவர் பத்து நிமிடத்தில் பிடித்துக்கொண்டார். குதிரை எதையும் தாண்டிக் குதிக்கும் என்றதும் அவருக்கு அதை மிகவும் பிடித்துவிட்டது. இரண்டு குதிரைகளையும் வைத்துக்கொண்டு பலகை முழுக்கச் சுற்றினார். சிப்பாய் பின்னால் வராது என்றபோது, "தெரியும்லா, மூடியும்தான் வராது," என்றார். ஆட்டம் ஆரம்பித்தது. நடுவில் என் சிப்பாயும் அவர் சிப்பாயும் மூலைவாட்டில் முகத்துக்கு முகம் நின்றன. யார் வேண்டுமானாலும் யாரையும் சாப்பிடலாம். என் முறை. ஒரு புத்தகத்தில் படித்த தொடக்கத்தைப் பழகிக்கொண்டிருந்தேன். புத்தகத்தில் போட்டிருந்தபடி ராஜாப்பக்கத்துக் குதிரையை வெளியே எடுத்து வைத்தேன்.

அம்மா கையை நீட்டி என் சிப்பாயை எடுத்து மடியில் போட்டுக்கொண்டார்.

"அம்மா, என்னா செய்றீங்க?"

"சாப்பிடலயே நீ. பிடுங்கிட்டேன்."

"இதுல அந்தச் சட்டம் இல்லம்மா."

"இல்லயா?" அம்மா மடியைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "வழி இருந்தும் சாப்பிடாம போலாமா?"

"போலாம்."

"யாரும் கேக்க மாட்டாங்களா?"

"மாட்டாங்க."

"அவங்கவங்க சுக்கா ஹாத்தியா?"

"ஆமாம்மா. அவங்கவங்க இஷ்டம்தான்."

அம்மா சிப்பாயை மடியிலிருந்து எடுத்தார். உடனே வைக்கவில்லை. கையிலேயே உருட்டிக்கொண்டிருந்தார். பொய் சொல்லி ஏமாற்றுகிறேனோ என்று என் முகத்தைப் பார்த்தார். பிறகு அது நின்ற கட்டத்திலேயே வைத்தார்.

"அப்ப நீ ஏன் பாப்பா எல்லாத்தையும் சாப்பிட்டுச் சாப்பிட்டுத் தோக்குற? தோத்துட்டு வந்து ஒவ்வொரு வாரமும் அதைத்தான சொல்ற? அதைச் சாப்பிட்டேன், இதைச் சாப்பிட்டேன்னு."

அம்மா எனக்கு எதையும் சொல்லித் தர நினைக்கவில்லை. அவருக்கு உண்மையிலேயே புரியவில்லை. யாரும் கட்டாயப்படுத்தாத ஒரு ஆட்டத்தில் ஒருத்தி ஏன் கட்டாயத்தோடு ஆடுகிறாள் என்று கேட்டார், அவ்வளவுதான். என் தாளில் காலியாகக் கிடந்த கட்டத்துக்கு அதுதான் பதில். சதுரங்கம் ஆடிய இத்தனை ஆண்டும் நான் டாமின் சட்டத்தைத்தான் ஆடிக்கொண்டிருந்தேன். பிடுங்க ஆள் இல்லாத இடத்திலும் என் கை பிடுங்கிவிடுவார்களோ என்று பயந்துகொண்டிருந்தது.

அந்த வாரம் முழுக்க நான் ஒரு வேலை செய்தேன். தோற்ற ஆட்டங்களை மறுபடியும் பலகையில் வைத்தேன். நான் சாப்பிட்ட இடம் வந்ததும் நிறுத்தினேன். சாப்பிடாமல் விட்டேன். வேறு எதையாவது நகர்த்தி, ஆட்டம் எங்கே போகிறது என்று பார்த்தேன்.

அப்போது எனக்கு ஏற்பட்ட வியப்பை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. செத்த ஆட்டங்கள் எழுந்து உட்கார்ந்தன. சிப்பாயும் சிப்பாயும் முகத்துக்கு முகம் நிற்கும்போது, நான் சாப்பிடாத வரைக்கும் எதிராளியின் ராணி தன் சிப்பாயை விட்டு நகர முடியவில்லை. அவருடைய குதிரைக்கும் அங்கேயே காவல் வேலை. ஒரு சின்னச் சிப்பாய், ஒன்றும் செய்யாமல் நின்று, இரண்டு பெரிய காய்களைக் கட்டிப் போட்டிருந்தது. சாப்பிட்ட மறுகணம் அந்தக் கட்டு அவிழ்ந்துவிடும். இதைப் புத்தகத்தில் முன்பே படித்திருந்தேன். படித்து, அடிக்கோடும் போட்டிருந்தேன். அடிக்கோடு போட்டதையே தெரிந்ததாக நினைத்துக்கொண்டுவிட்டேன்.

இன்னொன்றையும் அந்த வாரம்தான் கண்ணால் பார்த்தேன். சிப்பாய் பின்னால் வராது. எல்லாருக்கும் தெரிந்த சட்டம். ஆனால் அதற்கு என்ன அர்த்தம்? ஒரு சிப்பாய் ஒரு அடி முன்னால் வைத்தால், அதற்கு இரு பக்கமும் அதுவரை அது காத்துவந்த கட்டங்கள் இனி எப்போதும் அதன் காவலில் வராது. பக்கத்துச் சிப்பாய்களும் கடந்து போய்விட்டால் அங்கே நிரந்தரமாக ஒரு ஓட்டை. அந்த ஓட்டையில் ஒரு குதிரை வந்து உட்கார்ந்தால் அதை எந்தச் சிப்பாயாலும் விரட்ட முடியாது. அதுவரை காய்களை மட்டுமே பார்த்துவந்த எனக்கு, அன்று முதல் காலிக் கட்டங்களும் கண்ணில் படத் தொடங்கின. பலகையில் பாதிக்கு மேல் காலிக் கட்டங்கள்தான். இத்தனை நாள் அத்தனையையும் பார்க்காமலே ஆடியிருக்கிறேன்.

மூன்றாவது ஞாயிறு. அக்கா இரண்டு கைகளையும் மூடி நீட்டினார். இடது கையைத் தொட்டேன், வெள்ளைச் சிப்பாய். ஆளுக்கு ஒரு மணி நேரம். கடிகாரத்தைத் தட்டினார்கள்.

ராணிக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினேன். அக்காவும் அப்படியே. அதற்குப் பக்கத்துச் சிப்பாயையும் தள்ளினேன். இப்போது அந்தச் சிப்பாயும் அவருடைய நடுச் சிப்பாயும் மூலைவாட்டில் முகத்துக்கு முகம். அக்கா தன் சிப்பாய்க்கு முட்டுக்கொடுக்க இன்னொரு சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினார். அதனால் அவருடைய ஒரு மந்திரி உள்ளேயே அடைபட்டது. நான் சாப்பிட்டால், முட்டுக்கொடுத்த சிப்பாய் பதிலுக்குச் சாப்பிட விலகும். மந்திரிக்கு வாசல் திறக்கும். என் கை பலகைக்கு மேலே போனது. நிஜமாகவே போனது. நடுவழியில் அதை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

குதிரை. இன்னொரு குதிரை. மந்திரி. யானையைப் பக்கத்து வரிசைக்கு. ஒவ்வொரு முறையும் சாப்பிடாமல் ஏதோ ஒரு காயைச் சற்றே நல்ல இடத்துக்கு மாற்றினேன். ஆறாவது முறை அக்கா நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"என்ன தங்கச்சி, இன்னைக்கு நோன்பா?"

"ஆமாக்கா."

"எப்ப தொறப்ப?"

"நேரம் வந்ததும்."

அக்கா உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினார். நடுவர் வாயில் விரலை வைத்துக் காட்டினார்.

காத்திருக்க முடியாமல் போனது அக்காவுக்குத்தான். அவரே என் சிப்பாயைச் சாப்பிட்டார். அதுவரை நகராமல் வைத்திருந்த என் மந்திரி ஒரே தாவலில் வந்து திருப்பிச் சாப்பிட்டு நல்ல இடத்தில் நின்றுகொண்டது. நடுவில் அவருடைய சிப்பாய் இல்லை. என் சிப்பாய்கள் இரண்டு அடி முன்னேறின. அதற்கு இரு பக்கமும் இருந்த அவருடைய சிப்பாய்கள் ஏற்கெனவே முன்னால் வந்திருந்ததால், அவர் வீட்டுக்குள்ளே ஆறாவது வரிசையில் ஒரு ஓட்டை தெரிந்தது. நான் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு கற்றுக்கொண்ட அதே ஓட்டை.

அந்தக் கட்டத்தைக் காக்கக்கூடியது அவருடைய மற்ற மந்திரி ஒன்றுதான். அதை மட்டும் என் மந்திரியைக் கொடுத்து மாற்றிக்கொண்டேன். ஒரு குதிரையும் ஒரு குதிரையும் மாறின. மிச்சமிருந்த என் குதிரையைப் பின்னால் எடுத்தேன். முன்னால் போவதற்காகப் பின்னால். அங்கிருந்து பக்கவாட்டில் ஒரு தாவல். அடுத்த தாவலில் அது அந்த ஓட்டைக்குள் போய் உட்கார்ந்தது. பின்னால் என் சிப்பாய் அதைத் தாங்கி நின்றது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது, கீழே யாரோ புடவைக்கு விலை கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஒரு குதிரை, ஒரு கட்டம். அக்காவின் யானைகள் இரண்டும் ராணியும் அதைச் சுற்றி நடக்க இடமில்லாமல் நெளிந்தன.

அப்போது அக்கா ஒரு காரியம் செய்தார். அடைபட்டிருந்த மந்திரியை ஒரு கட்டம் நகர்த்தினார். அதனால் அதுவரை அது காத்துவந்த சிப்பாய் தனியாக நின்றது. என் குதிரைக்கு எட்டும் தூரத்தில், காவலில்லாமல்.

எனக்கு அம்மாவின் குரல் கேட்டது. ஊட்டி விட்டேன்லா.

பத்து நிமிடம் யோசித்தேன். சாப்பிட்டால் ஒரு சிப்பாய் லாபம். ஆனால் குதிரை ஓட்டையை விட்டுப் போய்விடும். அவர் ராணி வெளியே வந்து அதைத் துரத்தும், போகிற போக்கில் என் சிப்பாய் ஒன்றையும் எடுக்கும், மூச்சு முட்டிக் கிடந்த காய்கள் எல்லாம் எழுந்துகொள்ளும். கை அரித்தது. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். பிறகு வேறு கேள்வி கேட்டேன். என் காய்களில் சும்மா இருப்பது எது? ராஜாவுக்குப் பக்கத்தில் ஒரு யானை ஆரம்பத்திலிருந்தே ஒன்றும் செய்யாமல் நின்றது. அதை ஒரு கட்டம் நகர்த்தினேன். அடுத்த முறை மூன்றாவது வரிசைக்கு ஏற்றினேன். அதற்கடுத்த முறை பக்கவாட்டில் கொண்டுபோய் அக்காவின் ராஜாவுக்கு நேராக நிறுத்தினேன். மூன்று நகர்த்தல். அந்த மூன்று நகர்த்தலிலும் அக்காவால் உருப்படியாக எதையும் செய்ய முடியவில்லை. ராணியை முன்னால் வைத்தார், பின்னால் வைத்தார்.

"டிரா?" என்றார் மெதுவாக.

டிரா என்றால் சமம். சமம் என்றால் நான்காம் மேசை அவருக்கு. ஆனால் அதை நினைத்து மட்டும் நான் மறுக்கவில்லை. அந்தப் பலகையை விட்டு எழுந்திருக்க எனக்கு மனம் வரவில்லை.

"ஆடுவோம்க்கா."

என் யானையைத் தடுக்க அக்கா ராஜாவுக்கு முன்னால் நின்ற சிப்பாயைத் தள்ளினார். அதுவரை அது காத்துவந்த பக்கத்துக் கட்டத்தில் என் ராணி போய் நின்றது. அக்கா ஏழு நிமிடம் பலகையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருடைய காய்கள் எல்லாம் ஒரு பக்கம் நெருக்கிக்கொண்டு நின்றன, ராஜாவிடம் வர ஒன்றுக்கும் வழி இல்லை. இரண்டு நகர்த்தலில் ராஜாவுக்கு முடிவு. கடிகாரத்தை நிறுத்திவிட்டுக் கையை நீட்டினார்.

"அந்தச் சிப்பாயை ஏன் விட்ட?"

"சாப்பிடணும்னு சட்டம் இல்லயேக்கா."

அக்கா தனியாக நின்ற அந்தச் சிப்பாயை விரலால் தொட்டுப் பார்த்தார். "நீ சாப்பிடுவன்னு நம்பித்தான் வச்சேன்," என்றார். பிறகு, "வா, அத்தா கடைக்குப் போவோம். அங்கயாச்சும் சாப்பிடுவதான?" என்றார்.

மாலையில் வீடு திரும்பியபோது அம்மா முன்னறையில் பழம் பொறுக்கும் கையுறைகளைத் துவைத்துக் காயப் போட்டுக்கொண்டிருந்தார். கைத்தொலைபேசியில் படத்தைக் காட்டினேன். சுவர்ப்பலகை, ஐந்து வரி, நான்காவது வரி. அம்மா படிக்க மாட்டார். ஆனால் என் பெயரின் வடிவம் அவருக்குத் தெரியும். பள்ளிப் புத்தக அட்டைகளில் பதினொரு வருடம் பார்த்த வடிவம். விரலை நேராக நான்காவது வரியில் வைத்தார். ஈர விரல் திரையில் ஒட்டிக்கொண்டு படம் பெரிதானது. பெரிதான பெயரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தனை சாப்பிட்ட?"

"மூணு."

"அவங்க?"

"அவங்களும் மூணு."

"சமம்லா. அப்பறம் எப்படி ஜெயிச்ச?"

பலகையை எடுத்து வந்து அவருக்குக் காட்டினேன். குதிரை எங்கே உட்கார்ந்தது, யானை எப்படி வந்தது, எந்தச் சிப்பாயைச் சாப்பிடாமல் விட்டேன் என்று ஒவ்வொன்றாக வைத்துக் காட்டினேன். அம்மா கவனமாகப் பார்த்தார். குதிரை உட்கார்ந்த இடத்தில் தலையை ஆட்டினார். ஆனால் அந்தச் சிப்பாயை மட்டும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா கண்ணு முன்னால நிக்குது, அதையும் விட்டுட்டு வர்றது..." முடிக்காமல் எழுந்து போய் அலமாரிக்குப் பின்னாலிருந்து பிளைவுட் பலகையை எடுத்து வந்தார். மூடிகள் பழைய மைலோ டின்னில் இருந்தன. பச்சையை என் பக்கம் தள்ளினார்.

இந்த முறை நான் மூடிகளைப் பார்க்கவில்லை, காலிக் கட்டங்களைப் பார்த்தேன். முதல் தடவையாக அம்மாவின் ஆட்டம் எனக்குத் தெரிந்தது. எங்கே ஓட்டை விழும், எந்த மூடி இழுபடும் என்று அவர் எட்டு நகர்த்தலுக்கு முன்பே அடுக்கியிருந்தார். இருபது வருடமாக எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். ஒரு ஆரஞ்சு மூடியை என் வரிசைக்கு முன்னால் தள்ளிவிட்டு அவர் கையைக் கட்டிக்கொண்டார். அதைத் தாண்டினால் என் நான்கு மூடிகள் போய்விடும் என்று தெளிவாகத் தெரிந்தது. நான் யோசித்தேன். வேறு வழி இருக்கிறதா என்று தேடினேன்.

"என்னா பார்க்கற?" என்றார் அம்மா. "இது நம்ம ஆட்டம். இதுல வேணாம்னு சொல்ல முடியாது. சாப்பிடு."

சாப்பிட்டேன். அம்மாவின் மூடி டக் டக் என்று நான்கு தடவை பலகையைத் தட்டிக்கொண்டு என் கடைசி வரிசைக்கு வந்து சேர்ந்தது.